தாய்மாமனுக்குப் பாஸ் இல்லை

விடிந்தும் விடியாமலும் தொண்டைக்குள் இறங்கிய பச்சை முட்டையின் கவிச்சியும், அதன்மேல் அம்மா ஊற்றிய நல்லெண்ணெயின் வழவழப்பும் இன்றும் என் நாக்கில் இருக்கின்றன. ஊரடங்குக் காலத்தில், மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில், பதின்மூன்று வயதில் நான் வயதுக்கு வந்தேன். தாய்மாமன் சீரோடு வந்து "தண்ணி ஊத்தும்" வரை பின்கட்டு அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்; ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிடும்.

மாமா இருந்தது பாகூரில். தென்பெண்ணையைத் தாண்டினால் வந்துவிடுகிற ஊர்தான், ஆனால் அது புதுச்சேரி, யூனியன் பிரதேசம், நாங்கள் தமிழ்நாடு. அதுவரை அந்த வித்தியாசம் கேலிக்குத்தான் பயன்பட்டது. தங்கள் பக்கம் பெட்ரோல் மலிவு என்று மாமா பீற்றிக்கொள்வார், எதற்கெடுத்தாலும் டெல்லியைக் கேட்கிற ஊருக்கு இவ்வளவு வாயா என்று அப்பா மடக்குவார். இப்போதோ சாலைக்குக் குறுக்கே சவுக்குக் கட்டை. இந்தப் பக்கத்துக்கு ஒரு "பாஸ்", அந்தப் பக்கத்துக்கு ஒரு "பாஸ்". கல்யாணம், சாவு, வைத்தியம் தவிர வேறு காரணம் செல்லாது. புடவையும் பழத்தட்டுமாக வண்டியில் வந்த மாமாவை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். என்ன விசேஷம் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, பாவம், மனிதர் கூச்சத்தில் வாயே திறக்கவில்லையாம்.

ஒன்பது நாள் பதினெட்டானது. தனித் தட்டு, தனிப் பாய், மூலையில் உர மூட்டை நாற்றம். அப்பாவின் அக்கா, என் அத்தை, "மாமன் தண்ணி ஊத்தாம வெளிய வந்தா குடும்பத்துக்கு ஆவாது" என்று அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாநிலமோ யூனியன் பிரதேசமோ, எத்தனை கோடு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். என் நடமாட்டத்தை அதில் கட்டிப்போட யாருக்கு உரிமை?

"அவுங்க பார்டர் தொறக்குற வரைக்கும் நான் ஏன் உள்ள இருக்கணும்? நான் என்ன யூனியன் பிரதேசமா, டெல்லி சொன்னாதான் அசையணுமா?" என்று கத்திவிட்டு, அத்தையைத் தாண்டிப் போய், அடிபம்பில் நானே ஒரு குடம் அடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அத்தை வாயில் அடித்துக்கொண்டார். அம்மா துண்டோடு வந்து நின்றாள். போனில் அத்தை முறையிட்டபோது மாமா சிரித்தார்.

"அவளே ஊத்திக்கிட்டாளா? வுடுங்க, சீர மட்டும் நான் எடுத்தாறேன்."

இப்போது அந்தக் கட்டையும் இல்லை, பாஸும் இல்லை. சென்ற ஆண்டு என் தங்கை வயதுக்கு வந்தாள். மறுநாள் காலையிலேயே சீர்த்தட்டோடு மாமா வாசலில் வந்து நின்றார், வழியில் ஒருவரும் மறிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.