மகப்பேற்று விடுப்பும் கண்ணாடி வளையலும்

பேச்சு நடந்தது புக்கிட் பாத்தோக்கில், என் பெற்றோர் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அம்மா இருந்தார், அப்பா இருந்தார், மாமியார் ஈசூனிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார், நான் இருந்தேன். மாமனார் வரவில்லை. கிராஞ்சியில் ஒரு செடிப்பண்ணையில் அவருக்கு வேலை, ஞாயிறுதான் அங்கே வியாபாரம். எல்லாரும் சேர்ந்து எடுப்பதே தன் முடிவு என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவியும் வரவில்லை. அவள் எப்போது மகப்பேற்று விடுப்பைத் தொடங்க வேண்டும் என்பதுதான் பேச்சு. அன்று அவளுக்கு மதிய ஷிப்ட்.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் அவள் வேலை செய்தாள். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டேதான். வெந்த சோற்றை எஃகுத் தொட்டிகளில் அள்ளுவது, தொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவது, வண்டியைக் குளிரறைக்குத் தள்ளிப்போய் இறக்குவது. அடுப்புப் பக்கம் வேர்க்கும், குளிரறையில் பல் கிட்டும். ஆறு மாத வயிற்றோடு அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான். அதனால் எழுத்து என்று எது வந்தாலும் என்னிடம் வந்துவிடும். தண்ணீர் பில், நகர மன்றக் கடிதம், கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் வீட்டுத் தரகர்களின் துண்டுத்தாள் உட்பட. ஆகவே அன்று விதிகளை விளக்கியது நான். மொத்தம் பதினாறு வாரம். வழக்கப்படி நான்கு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும், பன்னிரண்டு வாரம் பின்னால். முதலாளி ஒப்புக்கொண்டால் கடைசி நாள்வரை வேலை பார்த்துவிட்டுப் பதினாறையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

என் மனைவி கேட்டது அந்தப் பதினாறைத்தான். எங்கள் செங்காங் வீட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைக்கு நாலு மாதம் ஆனால்தான் இடம் காலியாகும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. மாமியார் ஒரு பள்ளியில் துப்புரவுப் பணி. முன்னால் போகும் ஒவ்வொரு வாரமும் பின்னால் யார் பார்த்துக்கொள்வது என்று தெரியாத ஒரு வாரம்.

இதையெல்லாம் நான் வரிசையாகச் சொன்னேன். எனக்கும் விடுப்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"உனக்கு எதுக்குடா லீவு?" என்றார் அப்பா. "நீயா பெக்கப் போற?"

அன்று அப்பா பேசியது அவ்வளவுதான்.

மாமியார் நான்கு வாரம் முன்னால் எடுப்பதே முறை என்றார். சட்டமே சொல்கிறதே என்றார். அம்மா சட்டத்தையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. ஏழாம் மாதம் பிறந்ததும் வேலையை நிறுத்தச் சொன்னார். சம்பளமில்லா விடுப்பு எடுக்கட்டும், அதற்குள் என்ன குடி முழுகிவிடும் என்றார். நான் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். அம்மா எனக்கு இன்னொரு கறிப்பஃப் வைத்தார்.

கடைசியில் விடுப்பைப் பற்றி எதுவும் முடிவாகவில்லை. வளைகாப்புக்கு மட்டும் நாள் குறித்தார்கள், ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிறு.

"கண்ணாடி வளையல். போட்டா பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாது. அவகிட்ட சொல்லிரு" என்றார் அம்மா. சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு சொன்னபோது என் மனைவி காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சரி" என்றாள். எவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டாள் என்று எனக்குச் சந்தோஷம்.

என் பங்குக்கு நான் கடிதம் எழுதினேன். கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். காலையில் லாரியில் வந்திறங்கும் ஊழியர்களிடம், சுமையைத் தூக்கும்போது முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள் என்று தமிழில் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. இதை வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன். "இந்த வயித்தோட முழங்காலை மடக்கினா, திரும்ப யாரு லா என்னை எழுப்பி விடுவா?" என்றாள். எனவே கடிதம். அவள் பெயரில், நல்ல ஆங்கிலத்தில், அவள் தூக்கும் சுமைகளின் எடை அட்டவணையை இணைத்து, அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தரவேண்டும் என்று அவளுடைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. முதலில் வாழ்த்து. கடைசி மாதத்தில் சோறு அள்ளி ஏற்றும் சமையல் வரிசையில் நிற்க அனுமதி இல்லை. உட்காரும் வேலை இருந்தால் பிரசவம்வரை தொடரலாம், இல்லாவிட்டால் நான்கு வாரம் முன்னதாக விடுப்பில் போகவேண்டும். உட்காரும் வேலை தருவது மேற்பார்வையாளரின் விருப்பம். இணைப்பாக ஒரு சுவரொட்டி அனுப்பியிருந்தார்கள். சுமையைத் தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள் என்று இருந்தது.

மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, எல்லாருக்கும் 'காக்', அதாவது அக்கா மாதிரி. உட்காரும் வேலை என்று அங்கே இருந்தது ஒன்றுதான், நுழைவாயிலுக்கு வெளியே இருந்த லேபிள் அறை. எந்த விமானத்துக்கு எந்தப் பெட்டி என்று சீட்டுகளைச் சரிபார்த்து அடுக்கவேண்டும். அங்கே ஒரு நாற்காலி சும்மாத்தான் இருந்தது. ஆனால் வரிசையில் ஏற்கெனவே ஆள் குறைவு, உன்னையும் அனுப்பிவிட்டால் சோற்றுத் தொட்டியை யார் தள்ளுவது என்று அவர் இரண்டு முறை மறுத்துவிட்டார்.

வளைகாப்பு லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். பச்சையும் சிவப்புமாக முழங்கை வரை வளையல். அம்மாதான் முதலில் போட்டார். போட்டுவிட்டு அவள் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்து நின்ற மாமியார், "விடுங்க சம்பந்தி, எனக்கும் கொஞ்சம் கை மிச்சம் வைங்க" என்றார்.

மாலையில் வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சமையற்கூடத்துக்குள் கண்ணாடி போகக் கூடாது. ஒரு சில்லு சோற்றில் விழுந்தால் அன்றைய சாப்பாடு முழுவதையும் கொட்டவேண்டும். நுழைவாயிலில் ஓர் ஆள் தினமும் எல்லார் கையையும் திருப்பிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் புக்கிட் பாத்தோக்கில் இருந்தபோது தினம் காலையில் அவள் வளையலைக் கழற்றுவதைப் பார்த்து அம்மா காரணம் கேட்டிருக்கிறார், நான்தான் விளக்கியிருக்கிறேன். கை வேறு வீங்கியிருந்தது. சோப்புப் போட்டுக் கழற்றிப் பார்ப்போமா என்றேன்.

"கழட்டக் கூடாதுன்னு உங்கம்மாதானே சொன்னாங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை மழைச்சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு, நடக்க நடக்கச் சத்தம் வர, வேலைக்குப் போனாள்.

மதியம் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வீட்ல இருக்காளா?"

"இல்லம்மா. வேலைக்குப் போயிட்டா."

"வளையலோடயா?"

"வளையலோட."

பின்னால் யாரோ பருப்பு விலை கேட்டார்கள். "உள்ள விட்டுட்டாங்களா?" என்றார் அம்மா.

அப்போதுதான் அந்த வளையல் எதற்கு என்று எனக்கு விளங்கியது: வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பவைக்கத்தான். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீ விளக்குவே" என்றார் அம்மா. பிறகு, "உனக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு. எட்டு மாசம். அப்ப நான் இதே கடையில அரிசி மூட்டை தூக்கிட்டிருந்தேன்" என்றார். வாடிக்கையாளர் நிற்கிறார் என்று வைத்துவிட்டார்.

எனக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை நான்தான் மூத்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையற்கூடத்தில் நடந்ததை என் மனைவி மாலையில் வந்து சொன்னாள். நுழைவாயில் ஆள் அவளை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டிருக்கிறார். வந்ததும் கழற்று என்றாராம் அந்தப் பெண்மணி. கழற்றக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்றாளாம் இவள்.

"பந்தாங்கா?" என்று கேட்டிருக்கிறார். செய்யக் கூடாதது, செய்தால் ஆகாதது என்பதற்கு மலாயில் அதுதான் சொல். அந்தச் சொல்லுக்கு மேல் அந்த அம்மாளிடம் எந்தக் கேள்வியும் கிடையாது.

"பந்தாங்தான் காக்" என்றாளாம். எதுவரைக்கும் என்று கேட்டாராம். பிள்ளை பிறக்கும்வரை.

வரிசையில் ஆள் குறைவு என்பதால் இவளுக்கு நாற்காலி தரமுடியாது என்றவர் அவர். வளையலோடு வரிசைக்குள் விடவே முடியாது, அதனால் அந்த ஆள் எப்படியும் குறைவுதான். வீட்டுக்கு அனுப்பினால் லேபிள் அடுக்கவும் ஆளில்லை. கொஞ்ச நேரம் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பணி அட்டவணையில் இவள் பெயரை லேபிள் அறைக்கு மாற்றி, பிரசவம்வரை என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். மனிதவளப் பிரிவு கேட்ட ஒப்புதல் அதுவேதான்.

"நீ முன்னாடியே இப்படித் திட்டம் போட்டியா?" என்றேன்.

"பசிக்குது" என்றாள்.

அம்மா சொன்னதை அப்போது அவளிடம் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். மறுநாள் லேபிள் அறையிலிருந்து அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பினாள். அவள் அதில் இல்லை, நாற்காலி மட்டும்தான். அம்மா அதை என்னிடமும் காட்டினார்.

"சாய்மானம் இருக்கு. கைப்பிடி இல்ல" என்றார். பிறகு தினமும் ஒரு முறை அவளைக் கூப்பிட்டு, உட்கார்ந்திருக்கிறாயா என்று மட்டும் கேட்பார். இவள் பதிலுக்குக் கையை ஆட்டி வளையல் சத்தத்தைக் கேட்கவைப்பாள். வாரக் கடைசியில் அம்மா முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை கொண்டுவந்தார். நாற்காலியைப் பற்றி அதன் பிறகு குறை சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்து வந்தாள். ஞாயிறு விடியலில் வலி எடுத்தது. மருத்துவமனையில் தாதி வளையல்களை ஜெல் தடவிக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். பிரசவம் பார்த்தவருக்கே அவற்றைக் கொடுக்கவேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக நின்றார். பிரசவம் பார்த்த பிலிப்பீன்ஸ் பெண், தனக்கும் வேலையில் வளையல் போடக் கூடாது என்று சொல்லி இரண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அம்மாதான் முதலில் வாங்கினார். குழந்தையைத் தராமல் அரைமணி நேரம் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

பதினாறு வாரமும் அப்படியே கிடைத்தது. பிள்ளை கவிழ்ந்து படுத்ததை அவள் பார்த்தாள். நான் தளத்தில் இருந்தேன், படம் அனுப்பினாள்.

இடையில் ஒருநாள் அப்பா என்னைத் தனியாக அழைத்து, இதில் மொத்தம் எவ்வளவு போச்சு என்று கேட்டார். வளைகாப்புச் செலவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அது எப்படியும் ஆகியிருக்கும். லேபிள் அறைக்கு ஷிப்ட் படி கிடையாது, ஓவர்டைம் கிடையாது. அவளுடைய சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கூட்டிச் சொன்னேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு வெள்ளி.