அப்பாவின் தாடை

எனக்கு நோய் வலியோடு வரவில்லை, செருப்போடு வந்தது. பரவையில் ஒரு செருப்புக் கடையில் பெண்கள் பக்கம் இருந்த எதுவும் என் காலுக்குச் சேரவில்லை. கடைக்காரர் தயங்கித் தயங்கி, "டீச்சர், ஜென்ட்ஸ்ல ஒண்ணு பாப்பமா?" என்றார். நாற்பதைத் தாண்டியவளுக்கா கால் வளரும்? வகுப்பில் நின்று நின்று பாதம் அகன்றுவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இனி வீட்டுக்கு ஒரே ஜோடி போதும் என்று கணவர் கேலி செய்தார்.

பிறகு கல்யாண மோதிரம் இறுகியது. சோப்புப் போட்டும் கழலாமல், ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். குரல் கட்டையானது. ஆலயப் பாடகர் குழுவில் மேல்குரலில் பாடிக்கொண்டிருந்த என்னைக் கீழ்க்குரல் வரிசைக்கு மாற்றினார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்ததால் எதுவும் நோயாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவர் வழியில். அப்பா இறந்த பிறகு என் முகம் அவர் முகமாக மாறிவருகிறது என்று நம்பினார். அதே அகலத் தாடை, அதே மூக்கு. மாலை ஜெபம் முடிந்ததும் என் தாடையை ஒருமுறை தடவிவிட்டுத்தான் எழுந்திருப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது.

பற்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறதென்று போன இடத்தில் பல் மருத்துவர்தான் சந்தேகப்பட்டார். ரத்தப் பரிசோதனை, தலையில் ஸ்கேன். பிட்யூட்டரியில் (மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி) ஒரு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிக் கொட்டிக்கொண்டிருந்தது. நோயின் பெயர் அக்ரோமெகலி (வளர்ந்து முடிந்த உடம்பில் கை, கால், முக எலும்புகள் மறுபடி பெருப்பது).

மதுரையில் என்னைப் பார்த்த சுரப்பி மருத்துவரம்மா பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொன்னார். நோய் தொடங்கிய காலம் தெரிந்தால்தான் இதயமும் குடலும் எவ்வளவு நாளாக இதைத் தாங்கியிருக்கின்றன என்று அவரால் கணிக்க முடியும். எங்கள் வீட்டில் போட்டோவுக்குப் பஞ்சமில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்து, புதுச்சேலையோடு ஸ்டுடியோவுக்குப் போய்க் குடும்பப் படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் புரட்டப் புரட்ட என் முகம் ஆண்டுக்கு ஆண்டு சிவந்து, மெலிந்துகொண்டே வந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஸ்டுடியோக்காரர் என் தாடையைத் தானாகவே செதுக்கிவிட்டிருக்கிறார். "இவரு எங்களுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிட்டாரு, டீச்சர். திருத்தாத படம் ஒண்ணு வேணும்," என்றார் மருத்துவர்.

அப்படி ஒன்றுதான் இருந்தது. அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று, மூடுவதற்கு முன் எடுத்த படம். எங்களில் அடக்கத்தன்று அப்படி எடுப்பது உண்டு. அதை யாரும் அழகுபடுத்தச் சொல்வதில்லை. அப்பாவின் வேட்டிக்குள் சுற்றி அம்மா பீரோவில் வைத்திருந்தார். அதன் பிறகு யாரும் அதைப் பிரிக்கவில்லை.

கேட்டதும் அம்மா, "அதுல என்னத்தப் பாக்கப் போறீக?" என்றார். இரண்டு நாள் சாவியைத் தரவில்லை. மூன்றாம் நாள் படத்தை அவரே எடுத்து, முகம் பார்க்காமல் நீட்டினார். ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார்.

படத்தில் அப்பாவின் தலைமாட்டில் நான் நிற்கிறேன். பவுடர் இல்லை, அழுது வீங்கிய முகம். பெட்டியின் விளிம்பைப் பிடித்திருக்கும் என் விரல்கள் தடித்திருக்கின்றன. மருத்துவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். அப்போதே தாடை முன்னே வந்திருந்தது. "இதுக்குச் சில வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்," என்றார்.

அப்பா உயிரோடு இருந்தபோதே, ஒரே மேசையில் அவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, இது எனக்குள் வளர்ந்திருக்கிறது. அவர் இருந்தவரை யாருக்கும் என் முகத்தில் அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அன்று மாலை ஜெபம் முடிந்ததும் என்னைத் தொடாமல் எழுந்து போனார். கட்டி என்று கேட்டபோதுகூட நான் அழவில்லை, அன்று அழுதேன்.

மூக்கு வழியாகவே அறுவை செய்தார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை. மாதம் ஒரு ஊசி தொடர்கிறது. இதயம் சற்றுத் தடித்திருக்கிறது. சதை வற்றும், வளர்ந்த எலும்பு திரும்பாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியே ஆயிற்று. மூக்கும் உதடும் சிறுத்தன. குரல் திரும்பவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கும் செருப்பும் மோதிரமும் சேராமல் போனால், வயது என்று தள்ளிவிடாதீர்கள். இப்போது யார் வீட்டு ஆல்பத்தைத் திறந்தாலும் எனக்குச் சேலையும் சிரிப்பும் கண்ணில் படுவதில்லை, விரல்களைத்தான் பார்க்கிறேன். என் பழைய படங்களில் எது நான், எது கட்டி என்று பிரிக்கத் தெரியவில்லை.

போன வாரம் ஜெபம் முடிந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கு போயிருச்சு, பாப்பா. உதடும் போயிருச்சு." கையை நீட்டித் தாடையைத் தொட்டார். "இதுவும் போயிருமா?"

"அது எலும்பும்மா. போகாது."

"டாக்டரம்மா சொன்னாகளா?"

"சொன்னாங்க."

மருத்துவர் அதை எனக்கு வருத்தத்தோடுதான் சொன்னார். அம்மா கையை எடுக்கவில்லை.