பேனா கேட்ட பெண்

நான் அருப்புக்கோட்டைக்காரன். பெங்களூரில் பணம் எடுக்கும் சிறு கருவிகளைச் செய்யும் நிறுவனம் ஒன்றை நடத்திவந்தேன். விரல் வைத்துப் பணம் எடுக்கிற கருவிகள் அப்போதே வந்துவிட்டன. ஆனால் பருத்தி எடுத்து, களை வெட்டித் தேய்ந்துபோன விரல்களை அவை ஏற்காது. அந்த விரல்களையும் படிக்கிற கருவியை நான் உருவாக்கினேன். காப்புரிமையும் கிடைத்தது. முதல் சோதனை எங்கள் பக்கத்து ரெட்டியபட்டியில்தான் என்று பிடிவாதமாக இருந்தேன்.

மளிகைக்கடை வாசலில் மேசை போட்டோம். நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு விரலைக்கூட கருவி தள்ளவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை.

என் வயதிருக்கும் ஒரு பெண், முறை வந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பேனா இல்லையா?"

"பேனா வேண்டாம்க்கா. விரல் போதும்."

அவர் முகம் மாறியது. "நான் கைநாட்டு இல்ல. கூலி வேலைக்குப் போயிட்டு வந்து, எம்மக பக்கத்துல உக்காந்து கையெழுத்துப் போடப் படிச்சேன். இப்ப மறுபடி பெருவிரல நீட்டச் சொல்றீக."

"பெரிய படிப்பு படிச்சவுகளும் இதத்தான் வைக்காக. இந்தா, நானே வைக்கேன்."

"ஒங்கள யாரும் கைநாட்டுன்னு சொல்லமாட்டாக" என்றார். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு, பேங்கில் கையெழுத்துப் போட்டே பணம் எடுக்க டவுனுக்கு பஸ் ஏறிவிட்டார்.

தோல், வியர்வை, தூசி, வெயில் என்று எல்லாவற்றையும் வருடக்கணக்கில் யோசித்தவன் நான். இது மட்டும் என் புத்திக்கு எட்டவே இல்லை.

விரல் வைப்பதற்கு முன் திரையில் கையெழுத்துப் போட ஓர் இடம் சேர்த்தேன். "இதனால் என்ன பயன்?" என்று காப்புரிமை வக்கீல் கேட்டார். வரிசை நீளுகிறது என்று பேங்குக்காரர்கள் முகம் சுளித்தார்கள். விருப்பப்பட்டவர்கள் போடட்டும் என்று சமாளித்தேன்.

அடுத்த முறை ரெட்டியபட்டிக்குப் போனபோது அந்தப் பெண்ணுக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். கண்ணாடித் திரையில் எழுத்துகள் வழுக்கின. "அழிங்க, நல்லாப் போடுறேன்" என்றார். மூன்றாம் தடவைதான் அவருக்குத் திருப்தியானது. அதற்குப் பிறகே விரலை வைத்தார். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

நான் பொறுப்பிலிருந்து விலகிய பின் வந்த புதிய கருவியில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். வேகம் கூடியிருக்கிறது என்று சொன்னார்கள், உண்மைதான். அந்தப் பெண் இப்போது எப்படிப் பணம் எடுக்கிறார் என்று போய்க் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.