யார் கை அளவு?

சைவத்துக்கு மாறினால் என் சிறுநீரகம் பிழைத்துவிடும் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதியவர் என் வீட்டுக்காரர். டாக்டர் சொன்னது வேறு. சர்க்கரை நோய் வந்து பல வருஷமாகிவிட்டது, சிறுநீரில் புரதம் கசிகிறது, சிறுநீரகம் தளர ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு இறைச்சியைக் குறையுங்கள் என்றார். 'குறையுங்கள்' என்பது இவர் காதில் 'நிறுத்துங்கள்' என்று விழுந்தது. கல் உடைக்கும் கல்மலையிலிருந்து ஈப்போவுக்கு லோரி ஓட்டியே காலத்தைக் கழித்த மனிதர். ஓட்டினால் ஒரே ஓட்டம், நின்றால் ஒரே நிற்பு. நடுவில் எதுவும் கிடையாது.

எதிர்த்துப் பேச எனக்கும் வாய் வரவில்லை. பயம். என் அண்ணன் ரத்தம் கழுவப் போய் வந்ததைப் பார்த்தவள் நான். டயாலிசிஸை நாங்கள் மலாய்க்காரர்களைப் போல அப்படித்தான் சொல்வோம். ரப்பர் தோட்டத்தில் இரண்டு கையிலும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறியவர், கழுவிவிட்டு வந்த நாளில் சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பார். அந்த இயந்திரத்தோடு என்னைக் கட்டிப்போட விடமாட்டேன் என்று எனக்கு ஒரு வைராக்கியம். அதற்காகப் புல்லைத் தின்னச் சொன்னாலும் தின்றிருப்பேன்.

புல் வரவில்லை, சைவ மட்டன் வந்தது. ஈப்போவில் சீனர்களின் சைவக் கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்குமே, அதுதான். சைவ மட்டன் பிரட்டல், சைவ வாத்து, தோல் சுற்றிய சைவ மீன். கூடவே பருப்பு, சோயாக் கட்டிகளான தவு, தெம்பே. எல்லாருக்கும் புரட்டாசி ஒரு மாதம், எங்கள் வீட்டில் வருஷம் முழுக்கப் புரட்டாசி. "அக்கா சுத்த சைவமாயிட்டாங்க" என்று செமோரில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. கோயிலில் எனக்கு மரியாதை கூடிப்போனது. நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் நடந்தேன், மறைப்பானேன்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனால், கசிவு கூடியிருந்தது. டாக்டர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். தமிழ்ப் பெண், எங்களுக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

"என்ன சாப்புடுறீங்க ஆன்ட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கைபேசியை நீட்டிவிட்டார். தினமும் என் தட்டைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்!

"பாத்துக்கங்க, ஒரு துண்டு கறி இல்ல. எல்லாம் சைவம்லா."

அவள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இந்த சைவ மட்டன எதுல செய்றாங்க அங்கிள்?"

"சோயாலதான். கோதுமப் பசையும் போடுவாங்க."

"சோயால என்ன இருக்கு?"

"புரோட்டீன்..." என்று கம்பீரமாக ஆரம்பித்தவர் அப்படியே பிரேக் போட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

அவள் திட்டவில்லை. பருப்பும் தவுவும் கெட்டதில்லை, எல்லாவற்றையும் ஒரே வேளையில் கொட்டியதுதான் தப்பு, பாக்கெட்டில் வருவதில் உப்பும் அதிகம் என்றாள். "அதுக்காக புரதத்த ஒரேயடியா விட்றக் கூடாது ஆன்ட்டி, சதை கரைஞ்சி பலம் போயிரும். உங்களுக்கு ஒரு வேளைக்கு உள்ளங்கை அளவு மீனு, இல்லன்னா கோழி. அது இல்லாதப்ப பருப்போ தவுவோ. ரெண்டையும் சேத்துப் போடாதீங்க."

மீன் என்றதுமே எனக்குப் பாதி நோய் போய்விட்டது. மாதக்கணக்கில் பக்கத்து வீட்டுக் குழம்பின் வாசனையிலேயே காலம் தள்ளியவள்.

அன்று சாயந்திரமே தெங்கிரி மீன் வந்தது. இவர் வெட்டிய துண்டைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. "உள்ளங்கை அளவுதாம்புள்ள" என்று தன் கையை அதன்மேல் வைத்துக் காட்டினார். லோரி ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துச் சொளகு மாதிரி விரிந்த கை.

எனக்கு வந்ததே கோபம். "யாரு கை அது? கிட்னி என்னுதா, உங்களுதா? என் கிட்னிக்கு என் கைதான் அளவு!" என்று வெட்டும் பலகையில் என் கையை டொப்பென்று வைத்தேன்.

அவர் என் கையையே பார்த்தார். "இம்புட்டுதானா ஒன் கை?" என்றார். வளையல் வாங்கித் தந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? பிறகு கத்தியை எடுத்துத் துண்டைச் சிறியதாக்கினார்.

அன்றிலிருந்து சமைப்பதற்கு முன்னால், "கையக் குடு." கோழியானாலும் என் கை, மீனானாலும் என் கை. கருவாடும் ஊறுகாயும் வீட்டைவிட்டுப் போயின. மாத்திரை தவறவில்லை. கல்யாண விருந்தில் "இன்னொரு துண்டு வைக்கவா அக்கா?" என்று கேட்டவர்களுக்கு என் உள்ளங்கையையே காட்டி அனுப்பினேன்.

போன வாரம் டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கசிவு நன்றாகக் குறைந்திருக்கிறது, சிறுநீரகம் மேற்கொண்டு இறங்காமல் நிற்கிறது, இதே மாதிரி இருங்கள், ரத்தம் கழுவும் பேச்சு இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் அழுதேன். அழுதுகொண்டே சத்தமாகச் சிரித்தேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கென்ன? என் அண்ணனுக்குக் கிடைக்காத வார்த்தை எனக்குக் கிடைத்திருக்கிறது.

அங்கிருந்து நேரே பசாருக்குப் போனோம். மீன்கடைச் சீனர் தெங்கிரிமேல் கத்தியை ஓங்கினார். "நில்லு தவுக்கே" என்று இவர் அந்தக் கடை முதலாளியை நிறுத்தினார். வெளியே போனால் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிறவர் இவர். தாலி கட்டிய அன்று ஐயர் சொன்னதால் என் கையைப் பிடித்தவர், அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் தொட்டதேயில்லை. அவர் பசார் நடுவில் என் கையைப் பிடித்து, மீன்மேல் விரித்து வைத்தார்.

"இந்தக் கை அளவு."

எங்கள் பின்னால், கோயிலில் பார்க்கிற அம்மா ஒருத்தி நின்றாள். "என்னக்கா, நீங்க சைவமில்ல?"

நான் கையை எடுக்கவில்லை. அவரும் விடவில்லை.

"நல்லாப் பாத்து வெட்டு தவுக்கே," என்றேன், பசாருக்கே கேட்கும்படி. "இது என் கை!"