பதிவு உரிய அறைக்கு மாற்றப்பட்டது

எங்கள் குழுவுக்கு நான்கு அறைகள்: விளையாட்டு, பாட்டு, அரசியல், அன்றாடம். ஊரடங்குக் காலத்தில் கைப்பேசியில் நானும் இன்னொருவனும் சேர்ந்து தொடங்கிய அரட்டைக் குழு அது. அவன் அறந்தாங்கிப் பக்கம், துபாயில் வேலை. நான் மீமிசல் போகிற வழியில் ஒரு ஊர். புதுக்கோட்டையில் ஏசி, பிரிட்ஜ் விற்கிற கடையில் விற்பனையாளன். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. நான்கு பேராகப் பாராசூட்டில் குதித்துச் சுட்டுக்கொள்கிற விளையாட்டில் ஒரு நாள் ஒரே அணியில் விழுந்தோம். "அங்கிட்டுப் போகாதீங்க, இங்கிட்டு வாங்க" என்று அவன் மைக்கில் கத்தியதைக் கேட்டுத்தான் நம்ம ஜில்லாக்காரன் என்று கண்டுபிடித்தேன். இரண்டு நாளில் அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள.

எங்கள் பக்கத்தில் மாப்ள என்பது சும்மா வருகிற சொல் இல்லை. பெண் கொடுக்கலாம், எடுக்கலாம் என்கிற இடத்தில்தான் அது வரும். ஆனால் காலேஜ் பையன்கள் வாயில் புழங்கிப் புழங்கி அது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது என்று நான் நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது என்பதுதான் சரி.

குழு மெல்லப் பெருத்தது. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் நாங்கள் நாலு பேர்தான் அச்சாணி. துபாய் மாப்ளதான் அட்மின். பாட்டு அறையைக் கட்டி மேய்த்தவர் அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். எண்பதுகளின் பாட்டு உசத்தியா, தொண்ணூறுகளின் பாட்டு உசத்தியா என்று ஒரு வாரம் சண்டை இழுப்பார். கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்கிற ஓர் அண்ணன், விடிந்ததும் படகில் வந்திறங்கிய மீனைப் படம் பிடித்து அன்றாடம் அறையில் போடுவார். வாங்க முடியாத எங்களுக்கு அதைப் பார்த்தே ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கும். அரசியல் அறையில் இந்தக் கட்சியும் அந்தக் கட்சியும் தினமும் மண்டையை உடைத்துக்கொள்ளும். உடைத்த கையோடு எல்லாரும் விளையாட்டு அறைக்கு வந்து ஒன்றாகக் குதிப்போம்.

நான் ஒழுங்கு பார்க்கிறவன். அந்தந்தப் பேச்சு அந்தந்த அறையில்தான் என்று விதி எழுதியவனும் நான்தான். அன்றாடம் அறையில் ஒருவர் கரண்ட் போய்விட்டது என்று புலம்பலாம். அடுத்த வரியில் மந்திரியைத் திட்டினால் அந்தப் பதிவைத் தூக்கி அரசியல் அறையில் போட்டுவிடுவேன். கீழே ஒரு வரி தானாக வரும்: பதிவு உரிய அறைக்கு மாற்றப்பட்டது. அந்த வரியின் வாசகமும் என்னுடையது. தாசில்தார் ஆபீஸ் தமிழ் என்று அட்மின் கிண்டல் செய்வான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கு வேறு இடம் இல்லை. கடையில் நான் சேல்ஸ்மேன். ஊரில் நான் கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கிறவன். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் பஸ்ஸில் பார்த்தால் தலையாட்டுவார்கள், அத்தோடு சரி. இந்தக் குழுவில்தான் யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. என் குண்டு குறி தப்பாது என்பதும், என் கடி ஜோக்குகளுக்குச் சிரித்தே ஆக வேண்டும் என்பதும்தான் அங்கே என்னைப் பற்றித் தெரிந்தவை. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடி வருவேன்.

அட்மின் ஊரில் வீடு கட்ட ஆரம்பித்தான். அடித்தளம் போட்டதிலிருந்து ஒவ்வொன்றும் அன்றாடம் அறைக்கு வந்தது. போர்டிகோவுக்கு என்ன பெயின்ட் என்று ஓட்டெடுப்பு வைத்தான். நான் சொன்ன சாம்பல் நிறம் ஜெயித்தது. மாடி ரூமுக்கு எவ்வளவு டன் ஏசி வாங்குவது என்று என்னைத்தான் கேட்டான். ரூமின் நீள அகலம், மேற்கு வெயில் எல்லாம் விசாரித்து, எங்கள் கடையிலேயே எடுத்துக் கொடுத்து, ஆளும் அனுப்பி மாட்டச் செய்தேன். வீடு முடிந்ததும் லீவு போட்டு வந்தான். புதுமனை புகுவிழாவுக்கு உள்ளூர்க்காரர்கள் நாலு பேரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. நாங்கள் ஒருவரையொருவர் முதல்முறை நேரில் பார்க்கப்போகிற நாள். புதுச் சட்டை எடுத்தேன்.

போர்டிகோவில் அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். குரலுக்குப் பொருந்தாத குட்டை ஆள். "மாப்ள வந்துட்டான்" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தான். அவன் அப்பா வெளியே வந்தார். நல்ல மனிதர்தான், முகம் நிறையச் சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த ஊர்ல எங்கிட்டு? பஸ் ஸ்டாப்புக்கு இங்கிட்டா, கண்மாய்க்கு அங்கிட்டா?"

"கண்மாய்க்கு அங்கிட்டுங்கய்யா."

கண்மாய்க்கு அங்கிட்டு இருப்பது காலனி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கேட்டது சாதியை, நான் சொன்னதும் சாதியைத்தான். இங்கிட்டும் அங்கிட்டும் மரியாதைக்குச் சேர்த்துக்கொண்டவை. பஸ் ஸ்டாப் பக்கம் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டிருக்கலாம். வேறு இடங்களில் விட்டும் இருக்கிறேன். அன்றைக்கு, என் மாப்ள வீட்டில் அல்லவா நிற்கிறேன் என்று ஒரு தைரியம். அவரும் முகம் மாறவில்லை. இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்குப் பின்னால் பந்தல். வரிசையாக மேஜை போட்டு இலை விரித்திருந்தார்கள். கட்டுமாவடி அண்ணனும் வாத்தியாரும் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். நாங்கள் படைக்கும் முந்துகிறவர்கள் என்று நான் சொன்னதற்கு இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு, ஊறுகாய், வாழைக்காய்ப் பொரியல் விழுந்துவிட்டன. சோற்றுத் தூக்கு இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. அப்போது அட்மின் வந்து என் தோளில் கை வைத்தான்.

"ப்ரோ, இங்க ஒரே வேக்காடா இருக்கு. மாடியில ஏசி ரூம்ல ஒனக்குத் தனியாப் போடச் சொல்லிருக்கேன், வா."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் நினைத்தேன். எழுந்து நின்று, ஏசிக்காரனுக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவர்களிடம் ஜம்பமும் அடித்தேன். சிரிப்பு வரவில்லை. என் எத்தனையோ உப்புச்சப்பில்லாத ஜோக்குகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள். வாத்தியார் பந்தல் துணியைப் பார்த்தார். அண்ணன் தன் இலையில் இருந்த உப்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறும்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மாடி ரூமில் கட்டில் மெத்தை இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. ஒரு ஸ்டூலின் மேல் பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர். அவனே கீழே போய்ச் சோறும் சாம்பாரும் பாயசமும் கொண்டுவந்தான், அவனே பரிமாறினான். நீ சாப்பிடவில்லையா என்று கேட்டேன். அப்பாவோடு அப்புறம் சாப்பிடுவதாகச் சொன்னான். உட்காரக்கூட இல்லை, கதவருகில் நின்றான். நான் மாட்டச் சொன்ன ஏசி என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பந்தி தெரிந்தது. நான் எழுந்து வந்த இலையைப் பொரியலோடு சுருட்டி எடுத்துவிட்டு, வேறு இலை போட்டு, வேறு ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பேப்பர் தட்டைப் பார்த்தேன். அவன் ப்ரோ என்று கூப்பிட்டதும் அப்போதுதான் காதில் விழுந்தது.

கையைக் கழுவிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். நான் அந்தத் தட்டில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டேன், பாயசம் உட்பட. இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வது அதற்காகத்தான். முடித்ததும் தட்டையும் டம்ளரையும் ஒரு கவரில் போடச் சொன்னான். போட்டேன். முடிச்சுப் போட்டு அவனே எடுத்துப்போனான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா என்ன சாப்பாடு என்று கேட்கவில்லை.

"எங்க போட்டாங்க?"

பந்தியில்தான், எல்லாரோடும்தான் என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, நல்லது என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ஒரு கேள்வியை நான் கிளம்புவதற்கு முன்னாலேயே அவள் மனதில் வைத்திருந்திருப்பாள். கேட்டிருந்தால் நான் அவளைப் பழைய காலத்து ஆள் என்று சிரித்திருப்பேன்.

சில நாள் குழுப் பக்கம் போகவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனசு தாங்காமல் அன்றாடம் அறையில் எழுதினேன். சாதி என்ற சொல் இல்லை, யார் வீடு என்று இல்லை, ஒரு வசவு இல்லை. ஒரு விசேஷத்துக்குப் போனேன், பந்தியில் இலை போட்ட பிறகு எழுப்பி மாடிக்கு அனுப்பிப் பேப்பர் தட்டில் போட்டார்கள், சாப்பாடு நன்றாக இருந்தது, மனசுதான் சரியில்லை. அவ்வளவுதான். காலில் முள் குத்தினால்கூட அங்கே எழுதுவோம், இதை எழுதக்கூடாதா என்ற நினைப்பு. யாரோ பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று திரையின் அடியில் புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின.

பதில் வரவில்லை. என் பதிவு காணாமல் போனது. அது இருந்த இடத்தில் என் தாசில்தார் தமிழ் உட்கார்ந்திருந்தது: பதிவு உரிய அறைக்கு மாற்றப்பட்டது. மாற்றியவர் பாட்டு அறையை மேய்க்கிற வாத்தியார்.

அரசியல் அறையில் போய்ப் பார்த்தேன். எனக்கு முகம் தெரியாத ஆட்கள் என் சாப்பாட்டை வைத்து வாதம் செய்துகொண்டிருந்தார்கள். இதெல்லாம் ஓட்டுக்காகக் கட்சிகள் கிளப்பிவிடுவது என்றார் ஒருவர். இட ஒதுக்கீட்டை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். எங்கள் ஊரில் இப்படியெல்லாம் கிடையாது என்று கோயம்புத்தூர் சாட்சி சொன்னது. இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று ஒரு நியாயவான். அட்மின் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த நேரத்தில் அன்றாடம் அறையில் யாரோ பரோட்டா படம் போட்டு, அதற்கு இதயங்கள் குவிந்துகொண்டிருந்தன. எனக்கு நடந்தது அரசியலாம், அவன் தின்ற பரோட்டா அன்றாடமாம். அந்தக் குழுவில் என்னை விட அன்றாடமாக இந்த அவமானத்தைத் தின்றவன் எவன்?

கட்டுமாவடி அண்ணன் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "விடு தம்பி." நாலு வருஷமாக எனக்கு அவர் மச்சான் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அட்மினே கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டான், எடுத்தேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மனசும் ஆறியிருக்கும். அவன் கரைந்துகொண்டிருந்தான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள், யாராவது மூஞ்சிக்கு நேரே ஏதாவது சொல்வதற்குள் கௌரவமாகக் கூட்டிப் போய்விடலாம் என்று தானே பரிமாறியதாகச் சொன்னான். வேறு எவன் செய்வான் என்றும் கேட்டான். எல்லாம் உண்மைதான். அவன் பொய் சொல்லவில்லை.

"மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ப்ரோ. நான் ஒன்னையக் கூப்புட்டே இருக்க மாட்டேன். ஒனக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்காது."

மனசாரச் சொன்னான். எனக்கு நல்லது நினைத்துச் சொன்னான்.

"மத்தவங்க எல்லாம் ஒன்கிட்ட மொதல்லயே சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்றதுக்கு என்ன இருக்கு?"

யோசிக்காமல் வந்த பதில். வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். அவன் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. பிறகு, ராத்திரி விளையாட வாரியா, ஒரு ஆள் குறைகிறது என்றான்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாரேன் என்றுதான் வந்தது. கடை முடிந்து பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?