அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர்

போன வருடத்துக்கு முந்தின வருடம், தீபாவளிக்குத் துணி எடுக்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தோம். கடை வாசலில் மேஜை போட்டுப் பரிசுக் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர், ஊர், போன் நம்பர் எழுதிப் பெட்டியில் போட்டால் குலுக்கலில் பிரிட்ஜ் விழுமாம். கூட்டத்தோடு கூட்டமாக நானும் எழுதிப் போட்டேன். பிரிட்ஜ் விழவில்லை. அடுத்த வாரத்திலிருந்து போன்கள்தான் வர ஆரம்பித்தன.

லோன் வேண்டுமா, சின்னசேலம் பக்கம் பிளாட் வாங்குகிறீர்களா, இன்சூரன்ஸ் போட்டாயிற்றா என்று விதவிதமாகக் கேட்பார்கள். நான் சங்கராபுரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். ஒரு கை வைத்துத் தைத்து முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து ஓட வேண்டும். தெரியாத நம்பர் என்றால் எடுக்காதே என்று எல்லோரும் சொன்னார்கள். என்னால் அது மட்டும் முடியாது. காரணம் என் தம்பி.

அவன் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கி வரும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தீபாவளிக்கு முந்தின வருடம் ஒரு மழை நாளில் வளைவில் வேன் கவிழ்ந்து, கூட வந்த லோடுமேனுக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த அப்பா அத்தனை பேர் முன்னாலும் தம்பியை அறைந்தார். இனி என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே என்றார். பதற்றத்தில் வந்த வார்த்தை. ஆனால் அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். மறுநாள் ஆளைக் காணோம். போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். தேடாத இடமில்லை.

என் நம்பர் மட்டும் அவனுக்கு மனப்பாடம். எனக்குக் கல்யாணமான புதிதில், மறக்காத மாதிரி ஒரு நம்பரைத் தேடி சிம் வாங்கிக் கொடுத்ததே அவன்தான். என்றைக்காவது யார் போனிலிருந்தாவது கூப்பிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் தெரியாத நம்பரைப் பார்த்தாலே அவனாக இருக்கும் என்று ஓடுவேன். எடுத்தால், "வணக்கம் மேடம்" என்று யாரோ பேசுவார்கள். எரிந்து விழுந்துவிட்டு வைப்பேன்.

என் வீட்டுக்காரர் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவர். இரவெல்லாம் கண் விழித்துவிட்டுப் பகலில்தான் தூங்குவார். போன் சத்தம் தாங்காமல் ஒரு நாள் புது சிம் வாங்கி வந்து, பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்.

"அவனுக்கு இந்த நம்பர் ஒண்ணுதாங்க தெரியும்," என்றேன்.

அவர் புது சிம்மைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சிம் பேச்சே எடுக்கவில்லை. மணி அடித்தால் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவார்.

காச்சிராயபாளையத்தில் தனியாக இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போனால், அவரும் தம்பி பெயரை எடுக்க மாட்டார். கிளம்பும்போது மட்டும், "போன்ல சார்ஜி இருக்குதாம்மா?" என்பார். இருக்கிறது என்றால் தலையை ஆட்டிக்கொள்வார்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், கல்யாண பிளவுஸ் வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது மறுபடி ஒரு தெரியாத நம்பர். பெர்சனல் லோன் பற்றி ஒரு பெண் ஒப்பிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது. "லோன் எல்லாம் வாணாம்மா. என் தம்பியா இருக்குமோன்னு எடுத்தேன்," என்றேன்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தம்பிக்கு என்ன என்று கேட்டாள். எப்படியோ எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். விளம்பரப் போன்கள் வராமலிருக்க அரசாங்க நம்பர் ஒன்றுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் விதத்தை, ஒவ்வொரு எழுத்தாக, நான் தடுமாறத் தடுமாறச் சொல்லிக் கொடுத்தாள். கடையில் கேட்டால் நம்பர் எழுதிக் கொடுக்காதீங்க என்றாள். கடைசியில் சொன்னாள்: "எங்க லிஸ்ட்ல இருந்தும் உங்க நம்பரை நானே எடுத்துடறேங்க அக்கா. தம்பி கூப்பிடறப்ப லைன் ஃப்ரீயா இருக்கட்டும்."

அடியோடு நிற்காவிட்டாலும் போன்கள் வெகுவாகக் குறைந்தன. வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு நொடியாவது அவன்தான் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த ஒரு நொடியும் இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்ததும் உண்டு.

பங்குனி வெயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அடித்தது. எடுத்தேன். பின்னால் லாரிகள் போகும் இரைச்சல்.

"யக்கா, நான்தான்."

தையல் மிஷினை அப்படியே விட்டு எழுந்து நின்றேன். அவன், "அப்பா இன்னும் கோவமா கீறாரா?" என்று கேட்டான்.

"கோவமெல்லாம் எப்பவோ போயிடிச்சிடா. உன் போனு வருமான்னுதான் பாத்துக்கினு கீறாரு. வூட்டுக்கு வாடா."

"வரேன்க்கா. இது வேற ஒருத்தரு போனு," என்றான். அவ்வளவுதான்.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். கர்நாடகத்தில் ஹூப்ளி பக்கம் ஒரு டீக்கடையாம். கடைக்காரர் அரைகுறைத் தமிழில் பேசினார். தமிழ்நாட்டு லாரி டிரைவர் ஒருவர் டீ குடித்துவிட்டுப் போனைக் கேட்டு வாங்கிப் பேசினாராம், லாரி கிளம்பிவிட்டதாம். மறுபடி வந்தால் பேசச் சொல்கிறேன் என்றார்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அப்பாவிடம் சொன்னேன். "கொரலு எப்டி இருந்திச்சி?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அவன் பேசியதை எத்தனை முறை திரும்பச் சொல்ல வைத்தாரோ, கணக்கே இல்லை.

தம்பி இன்னும் வரவில்லை. வருவான். எங்கேயோ உயிரோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பதே எங்களுக்குச் சோறு இறங்கப் போதுமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் பேசிய நம்பருக்கு அடித்தால் போவதில்லை. என் நம்பரைத்தான் அவளே எடுத்துவிட்டாளே, இனி எப்படிக் கூப்பிடுவாள்? இன்றும் எப்போதாவது ஒரு பெண் குரல் லோன் வேண்டுமா என்று கேட்டால், அவளாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, வேண்டாம்மா என்று மெதுவாகச் சொல்லித்தான் வைக்கிறேன். அந்தக் குரலுக்காகவும் எங்கேயோ ஒரு வீட்டில் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா?