வலது கோடி ஆள்

பல் செட்டு வைத்துக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பா அது. திறந்தால் உள்ளே பல் இருக்காது, கைகள் இருக்கும். அரிசியைவிடச் சற்றே பெரிய கைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆயுதத்தைப் பிடித்திருக்கும்: ஈட்டி, கோடரி, வாள், துப்பாக்கி. தோளோடு வெட்டிய இடத்தில் பாதி மிளகு அளவுக்கு ஒரு காந்தம் பதிந்திருக்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த லேபில், நானும் அக்காவும் பல் செட்டு செய்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் மேசையில் அந்த டப்பா எப்போதும் இருந்தது. பல் செட்டு என்று நினைத்து யாராவது திறந்துவிட்டால் நாங்கள்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. லேபில் எனக்கு முன்னால் சேர்ந்தவள், அவ்வளவுதான். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் பிறந்து, கீழே இறங்கிப் படித்து, கச்சிராயபாளையத்தில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். மலையிலிருந்து வந்த பெண்ணா பல் கட்டுகிறாள் என்று கிளினிக்கில் ஒரு பெரியவர் இழுத்தபோது, "ஏங்க, மலையில இருக்கறவங்களுக்கு வாயி கெடையாதா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பெரியவரே பிறகு அவள் கட்டிய பல்லால்தான் முறுக்குக் கடித்தார். அவள் செய்த செட்டு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என்னுடையவை வரும்.

எங்கள் டாக்டருக்கு ஒரு பைத்தியம் உண்டு. விரல் உயரப் போர்வீரர் பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி, நாடா வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு. பொம்மைகள் துண்டு துண்டாகத்தான் வரும். வெட்டி ஒட்டி வர்ணம் பூச வேண்டும். ஒரே வீரனுக்கு நாலைந்து ஆயுதங்கள் கூடவே வரும். ஆனால் ஒன்றை ஒட்டிவிட்டால் அவனுக்கு ஆயுசுக்கும் அதுதான். கை முறிந்த மூன்று வீரர்களை டாக்டர் ஒருநாள் லேபுக்குக் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த அக்கா, "இன்னாத்துக்கு சார் ஒட்டிக்கினு? நம்ம கழட்டி மாட்ற செட்டு மாதிரி பண்ணிட்டா போவுது," என்றாள். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். படித்த படிப்பு முழுக்கக் கழற்றி மாட்டுகிற பல்லைப் பற்றித்தான். அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை.

பல் தேய்க்கிற மோட்டாரில் மிகச் சன்னமான முனையைப் போட்டு, தோளில் ஒரு குழி, கையில் ஒரு குழி, இரண்டிலும் காந்தம். முதல் கையை வைத்தபோது அது ஒட்டாமல் சுழன்று விலகியது. "மூஞ்ச திருப்பிக்கிது பாரு, சம்பந்தி வூட்டுக்காரி மாதிரி," என்று சிரித்தாள். காந்தத்தின் பக்கம் மாறிப் போயிருந்தது. அதற்குப் பிறகு சிவப்பு நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்துக்கொண்டாள். பத்து வீரர்களுக்கு நாற்பது கைகள் ஆயின. எந்தக் கை எதற்கு என்று தெரியாமல் அவளுக்கு வேலை ஓடாது. எனவே டாக்டரிடம் விதிகளைக் கேட்டாள். கேட்டவள் விளையாடிப் பார்க்க வேண்டும் என்றாள். மதியச் சாப்பாடு முடிந்து பல் அச்சு வார்க்கிற மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் ஆடுவார்கள். முதல் வாரம் டாக்டர் ஜெயித்தார். அப்புறம் அவர் ஜெயித்து நான் பார்க்கவில்லை. ஆனாலும் அவரே அவள் பெயரைச் சென்னைப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மனசு அவருக்கு இருந்தது.

நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது, சென்னையில் போட்டி நடந்த கூடம் முழுக்கக் கறுப்பு டீ-சர்ட் போட்ட பையன்கள். நூல் சேலையும் மூக்குத்தியுமாக நின்ற அக்காவிடம் ஒருவன் வந்து, தண்ணீர்க் கேன் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அவள் கையைக் காட்டி வழி சொன்னாள். முதல் ஆட்டத்தில் அவனையே தோற்கடித்தாள். இரண்டாவதையும் ஜெயித்தாள். டாக்டர் காலையிலேயே தோற்றுவிட்டு எங்கள் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதை ஜெயித்தால் கோப்பை. அதை அவள் எவ்வளவு விரும்பினாள் என்று எனக்குத் தெரியும். "இத வாங்கிகினு போயி கரியாலூர்ல எங்கம்மா கையில குடுக்கணும்டி," என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தாள்.

அந்த விளையாட்டில், எதிராளியின் படையைப் பார்த்த பிறகு நம் வீரர்களின் ஆயுதத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆயுதம். வாயால் மாற்றிச் சொல்ல முடியாது. எதிரே கவசம் போட்ட படை. அக்காவை நடுவர் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். போகிற போக்கில், "வலது கோடி ஆளுக்கு ஈட்டிய எடுத்துட்டு துப்பாக்கி போட்டு வை," என்று என்னிடம் சொல்லிப் போனாள். வீரர்களை அடுக்கி எடுத்து வந்திருந்த தட்டில் பத்துப் பேரும் எங்களைப் பார்த்து நின்றார்கள். என் வலது பக்கக் கோடியில் நின்றவனுக்குத் துப்பாக்கியை மாட்டினேன்.

எங்கள் லேபில் வலது என்றால் எங்களுடைய வலது அல்ல. வாய்க்குச் சொந்தக்காரரின் வலது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கடைவாய் நமக்கு இடது பக்கம் இருக்கும். பல வருஷப் பழக்கம் அது. அன்றைக்குப் பார்த்து எனக்கு மறந்துபோனது. அக்கா வந்ததும் விசில் ஊதிவிட்டார்கள். நான் மாட்டினால் சரியாக இருக்கும் என்று நம்பி, அவள் நினைத்த ஆளை, எனக்கு இடது கோடியில் நின்றவனை, தலையைப் பிடித்துத் தூக்கி ஓர் அட்டைச் சுவருக்குப் பின்னால் வைத்தாள். அவன் அங்கிருந்தே இரண்டு முறை சுட்டான். எதிரியின் தளபதி விழுந்தான். ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். துப்பாக்கியோடு ஒருவன் இன்னும் களத்தில் இறங்காமல் தட்டிலேயே நின்றுகொண்டிருந்தான்.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதைவிட, யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் தோன்றியது. அக்கா அவனைச் சுவருக்கு வெளியே நகர்த்த எடுத்தாள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். ஒருமுறை தட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பையனிடம், "தம்பி, இவன் கையில ஈட்டிதான் இருக்குது. சுட்டது ரெண்டும் செல்லாது. என் தப்பு. உன் தளபதிய எடுத்து வச்சுக்க," என்றாள். அவன் நல்ல பையன். "பரவால்ல ஆன்ட்டி, துப்பாக்கின்னுதானே நெனச்சீங்க, விடுங்க," என்றான். "நெனச்சதுக்கெல்லாம் கணக்கு கெடையாதுப்பா. எடுத்து வையி," என்றாள். தளபதி எழுந்து நின்றான். அக்கா தோற்றாள். கோப்பையை அந்தப் பையன் வாங்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்து, அந்தக் கைகளைப் பார்க்கலாமா என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் அந்தக் கூடமே வந்தது. காந்தத்தை எப்படிப் பதித்தாள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கி டீ குடித்தோம். டாக்டரால் தாங்க முடியவில்லை. "எப்படிம்மா தப்பாச்சு? உங்க கையில தப்பே வராதே," என்றார். "என் தப்புதான் சார்," என்றாள் மறுபடியும். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தானே ஏற்றுக்கொண்டாளே என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் லேபில் வெறும் 'வலது' என்று சொன்னதே இல்லை. ஒவ்வொரு முறையும் 'பேஷண்ட் வலது' என்பாள். என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துச் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது அக்கா சின்னசேலத்தில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறாள். நாலு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். ஒரு செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து, அன்றைக்குத் துப்பாக்கியை மாற்றி மாட்டியது நான்தான், பார்த்துவிட்டும் வாயைத் திறக்கவில்லை என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியுமே," என்றாள். "தட்டுல ஒருத்தன் துப்பாக்கிய புடிச்சிகினு நின்னானே."

"அப்புறம் ஏங்க்கா உன் தப்புன்னு சொன்ன?"

"என் தப்புதான். லேப்ல வலதுன்னா புரியும். அங்க ஏது பேஷண்ட்டு? எவனோட வலதுன்னு நான் சொல்லணும் இல்ல?"

எனக்காக ஒரு பொய் சொன்னவள் என்றுதான் இத்தனை வருஷமாக உள்ளுக்குள் அவளைக் கொண்டாடிவந்தேன். அவள் பொய்யே சொல்லியிருக்கவில்லை.

தேய்த்த செட்டின் மேலிருந்த தூளை ஊதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"என்னுத நான் அன்னிக்கே சொல்லிட்டேன். உன்னுத சொல்லத்தான் உனுக்கு இத்தினி வருசம் ஆயிருக்குது."